கல்லைக் காணக் கற்பித்த ஆசான்



செருமனி நாட்டுச் சாக்சனியில் பிரைபெர்க்கு என்பது வெள்ளி அகழ்ந்த ஊர். அங்கு 1765-இல் நிறுவப்பெற்ற சுரங்கவியற் கல்லூரியில், 1775-இல் ஆசிரியராய் அமர்ந்தார் ஆபிரகாம் வெர்னர். இரும்பாலைக் கண்காணிப்பாளர் ஒருவரின் மகன். 1817-இல் இறக்குமளவும், 42 ஆண்டுகள் அப்பணியை விட்டு அகன்றாரில்லை, மணமும் செய்துகொண்டாரில்லை.

பணியேற்பதற்கு முன்பே, 1774-இல், கனிமங்களைப் புறத்தோற்றத்தால் இனங்காணும் முறையை விளக்கி ஒரு நூல் வெளியிட்டிருந்தார். நிறம், மிளிர்வு, வன்மை, எடை, உடைந்த முகத்தின் வடிவு, தேய்த்தால் விழும் கோட்டின் நிறம், தொட்டால் தோன்றும் தண்மை, மணம், நாவிற்படும் சுவை ஆகிய இவையே அவர்தம் கருவிகள். கையும் கண்ணும் உடைய எவரும் கற்கலாம்! அந்நூலை அவர் இலத்தீனில் எழுதவில்லை. தாய்மொழியாம் செருமானியத்திலேயே எழுதினார். குவார்ட்சு, நைசு என இன்று உலகெங்கும் நிலவியல் நூல்களில் வழங்கும் பெயர்கள், அந்நாட்டுச் சுரங்கத் தொழிலாளர் வாய்ச்சொற்களே. அவற்றை இழிவென ஒதுக்காது பாடத்தில் ஏற்றுப் போற்றினார் வெர்னர். (1789-இல் கிரேக்க வேரினின்று 'கிராபைட்டு' என்னும் பெயரைப் படைத்தவரும் அவரே, அதனை மறைப்பதற்கில்லை.) அவர் பேச்சைக் கேட்டற்கென்றே, முன்னரே பெயர்பெற்றிருந்த பிறநாட்டறிஞரும் செருமானியம் பயின்றனர் என்றால், தாய்மொழிக் கல்வி உலகத்தொடர்பை அறுத்துவிடும் என்பார் என்ன விடை கூறுவர்?

எழுதுவதில் அவர்க்கு விருப்பம் குறைவு. ஆகவே அவர் கருத்துகள் மாணாக்கர் வழியாகவே பரவின. 1791-இல் அங்குச் சேர்ந்த அம்போல்ட்டு, காலையில் சுரங்கத்துள் இறங்குவார். பிற்பகலில் பாடங் கேட்பார்.

ஆனால், அவ்வாசான் கற்பித்த பெருங்கொள்கையோ பிழைபட்டது! பாறைகளுட் பெரும்பாலானவை தொன்முதற் பெருங்கடலினின்று படிந்தவையே என்றார் அவர். சாக்சனியின் சைபென்பெர்க்குக் குன்றில் மணல்மேற் களியும், களிமேற் கருங்கற்பாறையாம் பசால்ட்டும் அடுக்கடுக்காய்க் கிடத்தலைக் கண்டு, பசால்ட்டும் நீரிற் பிறந்ததே என 1788-இல் உறுதிகொண்டார். எரிமலைக் குழம்பு உறைந்து அப்பாறை ஆயிற்றென்பதை ஏற்றாரில்லை. நெடும்பயணம் செய்து பிற நிலங்களைக் கண்டிருப்பின் ஐயுற்றிருப்பாரோ?

அவர் காணாதவற்றை மாணாக்கர் கண்டனர். தோபிசோன் என்னும் பிரெஞ்சு மாணாக்கர், சாக்சனியின் பசால்ட்டு நீரிற் பிறந்ததே என 1803-இல் நூலே எழுதினார். பின்னர்ப் பிரான்சின் ஓவெர்ன் பகுதிக்குச் சென்றார். ஆங்கே எரிமலை வாயினின்று பசால்ட்டு வழிந்து பள்ளத்தாக்கில் ஓடி உறைந்திருப்பதைக் கண்டார். 1804-இல், ஆசானின் கொள்கை அங்குப் பொருந்தாதெனப் பாரிசு அறிஞரவையில் வெளிப்படக் கூறினார். எழுதிய மை உலருமுன் தன் நூலையே மறுப்பது எளிதன்று. ஆண்டீசு மலைகளைக் கண்ட அம்போல்ட்டும் அக்கொள்கையினின்று விலகினார். கல்லை நோக்கிக் கல் சொல்வதைக் கேட்க அவர்களைப் பழக்கியவர் வெர்னரே.

அவர் இடத்திற்கு 1818-இல் வந்தவர் மாணாக்கராகிய மோசு. கனிமத்தைக் கனிமத்தாற் கீறி வன்மையைப் பத்துப் படிகளாக 1812-இல் வகுத்தவர் அவர். இன்றும் நிலவியல் வகுப்பில் கையாளப்படுகிறது அவ்வளவை.