மேடையேறிய தாய்
(ஆண்டிமடம் கூட்டத்தில் ஆற்றிய உரை)



மாக்சிம் கார்க்கியின் ‘தாய்’ நாவலை ஜெர்மன் நாடகாசிரியர் பிரெக்ட் நாடகமாக்கினார். பாட்டுகளுக்கு ஐஸ்லர் இசையமைத்தார். 1932-ல் பெர்லினில் அது அரங்கேறியது.

அந்தத் தாய் எழுத்தறியாதவள். மகனுக்காக அஞ்சி நடுங்கியவள். அவளே ஆலைக்குள் சாப்பாட்டோடு துண்டுப்பிரசுரம் கொண்டுபோகிறாள். வயதான காலத்தில் எழுத்துக் கற்கிறாள். மகனைச் சுட்டுக் கொன்ற பின்பும் செங்கொடி ஏந்துகிறாள்.

தொழிலாளர் வாழும் மோவாபிட் பகுதியில் போலீஸ் நாடகத்தைத் தடுத்தது. நடிகர்கள் வசனத்தை வாசித்தே காட்டினார்கள்.

முந்திரிக்கொட்டை உடைத்துக் கை வெந்த தாய்மார்களே! ரகுநாதன் தமிழில் தந்த ‘தாய்’ நூலை இரவில் ஒருவர் வாசிக்கட்டும், பலர் கேட்கட்டும். சங்கக் கூட்டத்துக்கு மகனை மட்டும் அனுப்பாதீர்கள், நீங்களும் வாருங்கள்!