சாவுக்குக் காரணம் கேட்போம், செத்தவரைப் பாடுவோம்

(ராயபுரத்தில் நடந்த வாசிப்பு வட்டக் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



'துயரத்துக்கு அர்த்தம் உண்டா' என்ற தலைப்பில் பேசச் சொன்னார்கள். தத்துவம் படித்தவர்கள் பேச வேண்டிய தலைப்பு இது. எனக்கு நெருக்கமாகத் தெரிந்தது ஒரு சாவு. அங்கிருந்து தொடங்குகிறேன்.

என் நைனா ஒரு ஒப்பந்தக்காரரிடம் இருபது வருடத்துக்கு மேல் நிலக்கரி அள்ளினார். எவ்வளவு தேய்த்துக் குளித்தாலும் நகக்கண்ணில் கரி போகாது. இருமினால் கர்ச்சீப்பில் கருப்பாக வரும். 52 வயதில் செத்துப்போனார். சான்றிதழில் 'இதயம் நின்றதால் மரணம்' என்று எழுதிக் கொடுத்தார்கள். சாவு என்றாலே இதயம் நிற்பதுதானே? அவர் எந்தத் தூசியை எத்தனை வருடம் சுவாசித்தார் என்று எழுத அந்தத் தாளில் இடமில்லை. அவர் வேலை செய்தார் என்று காட்ட ஒரு வருகைப் பதிவேடுகூட இல்லை.

துக்கத்துக்கு வந்தவர்கள் எல்லோரும் ஒன்றையேதான் சொன்னார்கள்: "அவரு விதி, அவ்ளோதான்." அம்மாவும் அதையே சொன்னார். அம்மாமீது எனக்குக் கோபம் வரவில்லை. அந்த ராத்திரியைக் கடக்க அவருக்குப் பிடித்துக்கொள்ள ஒரு கயிறு வேண்டியிருந்தது. அந்தக் கயிறைத் திரித்தது யார் என்று எனக்கு அம்பேத்கரைப் படித்தபோதுதான் தெரிந்தது.

பாபாசாகேப் 1956 டிசம்பர் 6 அன்று மறைந்தார். அவருடைய 'புத்தரும் அவர் தம்மமும்' 1957இல் வெளிவந்தது. முன்வினைதான் இந்தப் பிறவியின் நிலையைத் தீர்மானிக்கிறது என்ற கோட்பாட்டால் யாருக்கு லாபம் என்று அதில் கேட்கிறார். ஏழைகளின், தாழ்த்தப்பட்டவர்களின் நிலைக்குப் பொறுப்பேற்காமல் அரசும் சமூகமும் தப்பித்துக்கொள்ளத்தான் அது உதவும் என்கிறார். துயரத்துக்கு அர்த்தம் இல்லாத குறை நமக்கு ஒருபோதும் இருந்ததில்லை, தோழர்களே. நாம் பிறப்பதற்கு முன்பே நம் துயரத்துக்கு அர்த்தம் எழுதிவைத்துவிட்டார்கள். சாதி என்பதே அந்த அர்த்தம்தான்.

அதே நூலில் இன்னொரு கேள்வியும் உண்டு. கிழவரையும் நோயாளியையும் பிணத்தையும் பார்த்துத்தான் சித்தார்த்தர் துறவு பூண்டார் என்ற கதையை அவர் ஏற்கவில்லை. 29 வயது மனிதர் அதுவரை ஒரு சாவைக்கூடப் பார்த்திருக்க மாட்டாரா? சாக்கியருக்கும் கோலியருக்கும் இடையே ரோகிணி ஆற்றுத் தண்ணீருக்காக எழுந்த சண்டையைத்தான் காரணமாகக் காட்டுகிறார். மூப்பும் நோயும் சாவும் எல்லோருக்கும் பொது. ஆற்றுத் தகராறு மனிதர் உண்டாக்கியது, மனிதர் தீர்க்கக்கூடியது.

நமக்கும் ஒரு ஆறு இருக்கிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவு எண்ணூர் முகத்துவாரத்தில் வந்து படிந்தது. கொசஸ்தலையில் இறால் தடவிப் பிழைப்பவர்களின் கையெல்லாம் எண்ணெய். அதே மாதம் 26ஆம் தேதி நள்ளிரவில் பெரியகுப்பத்தில் அமோனியா கசிந்து, குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு சனங்கள் தெருவில் ஓடினார்கள். சரியாக 19 வருடத்துக்கு முன்பு அதே தேதியில்தான் சுனாமி வந்தது. சுனாமி கடலால் வந்தது. அமோனியா குழாயால் வந்தது. இரண்டையும் 'விதி' என்ற ஒரே சொல்லில் போட்டுக் கட்டிவிட முடியுமா?

சாக்கடைக் குழிச் சாவுகளையும் இப்படித்தான் 'விபத்து' என்ற சொல்லில் கட்டிவைத்திருந்தார்கள். சபாய் கர்மசாரி ஆந்தோலன் தோழர்கள் ஊர் ஊராகப் போய் செத்தவர்களின் பெயர்களைச் சேகரித்தார்கள். அவர்கள் தொடுத்த வழக்கில், 1993 முதல் குழிக்குள் இறந்த ஒவ்வொருவரின் குடும்பத்துக்கும் 10 லட்சம் ரூபாய் தர வேண்டும் என்று 2014 மார்ச் 27இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2023இல் வேறொரு வழக்கில் அந்தத் தொகை 30 லட்சமானது. பணம் உயிருக்கு ஈடாகாது. ஆனால் இது விதி இல்லை, ஒருவர் பொறுப்பு என்று அரசுத் தாளில் ஏறியது. இந்தச் சாவுகளின் அரசுக் கணக்கில் நம் தமிழ்நாடு நாட்டிலேயே முன்வரிசையில் நிற்கிறது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இதுவரை எளிது. இனி நம்மிடம் உள்ள ஒரு குறையைச் சொல்கிறேன்.

நாம் காரணத்தைக் கேட்கிறோம், ஆளை மறந்துவிடுகிறோம். செத்தவர் நம் கையில் ஒரு எண்ணாகவோ ஒரு பதாகையாகவோ ஆகிவிடுகிறார். மூலக்கொத்தளத்தில் மொழிப்போர் ஈகி நடராசனுக்கும் தாளமுத்துவுக்கும் நினைவிடம் இருக்கிறது. சிறைப்பட்டு 1939இல் உயிர்விட்டவர்கள், வணங்குகிறேன். அதே மண்ணில்தான் என் நைனாவும் கிடக்கிறார். அவர் எதற்காகவும் உயிர்விடவில்லை. கூலிக்குப் போய்ச் செத்தார், அவ்வளவுதான். அவருக்கு நம் அரசியலில் என்ன இடம்?

அதற்கான பதில் அந்த ராத்திரியே வந்தது. சாமியானாவுக்குக் கீழே மரண கானா பாட வந்த அண்ணன் முதலில் எங்களிடம் கேட்டார்: "அவருக்கு இன்னா புடிக்கும்? எந்தக் கடையில டீ குடிப்பாரு? பசங்க பேரு இன்னா?" நைனா கேரம் வெறியர், ரெட் காயினை யாருக்கும் விடமாட்டார் என்றோம். அதைப் பாட்டில் போட்டார். விடிகாலை மூன்று மணிக்கு, பிணத்தின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த அம்மா ஒரு நிமிடம் சிரித்தார். பிறகு முன்பைவிடச் சத்தமாக அழுதார். அந்தப் பாட்டு நைனாவின் துயரத்துக்கு அர்த்தம் எதுவும் சொல்லவில்லை. அவர் வாழ்ந்தார் என்று மட்டும் சொன்னது. சான்றிதழில் இடமில்லாத மனிதருக்குப் பாட்டில் இடம் கிடைத்தது.

பாபாசாகேபுக்கும் ரமாபாய் அம்மையாருக்கும் பிறந்த ஐந்து குழந்தைகளில் நான்கு பேர் சிறுவயதிலேயே போய்விட்டார்கள். கடைசி மகன் ராஜரத்னா 1926இல் இறந்தான். அடுத்த மார்ச் மாதம் மகத் குளத்தில் பாபாசாகேப் தண்ணீர் அள்ளினார். துயரம்தான் அவரைப் போராளியாக்கியது என்று நான் சொல்ல மாட்டேன். அப்படிச் சொன்னால் குழந்தைகளின் சாவுக்கு நாம் நன்றி சொல்வதாகிவிடும். துயரம் யாரையும் உயர்த்துவதில்லை. அதைச் சுமந்துகொண்டே அவர் குளத்துக்கு நடந்தார். அவ்வளவுதான் நமக்குத் தெரியும், அது போதும்.

ஆகவே தோழர்களே, உங்கள் தெருவில் அடுத்த துக்கம் நடக்கும்போது உடனே கிளம்பிவிடாதீர்கள். அந்த ராத்திரி அங்கே உட்காருங்கள். அவருக்கு என்ன பிடிக்கும் என்று கேளுங்கள். விடிந்ததும் சான்றிதழை வாங்கிப் படித்துப் பாருங்கள். அதில் எழுதாமல் விட்டதை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். நைனாவுக்கு நான் அதைச் செய்யவில்லை. இன்றைக்கு உங்கள் முன் செய்திருக்கிறேன்.

ஜெய்பீம்.