வேண்டாத புத்தகத்தை என்ன செய்வது?

(பள்ளிப் பரிசளிப்பு விழாவில் ஆசிரியை ஒருவர் ஆற்றிய உரை)

 

மேடையில் அடுக்கியிருக்கும் பரிசுகளில் பாதிக்கு மேல் புத்தகங்கள். அவற்றைப் படியுங்கள் என்று சொல்ல இங்கே பலர் இருக்கிறார்கள். படித்து முடித்த பிறகு, அல்லது படிக்காமலே பழசாகிப் போன பிறகு, அந்தப் புத்தகம் எங்கே போகிறது? அதைப் பற்றிச் சில வார்த்தைகள் பேச விரும்புகிறேன். நான் பயிற்சிச் சான்றிதழ் பெற்ற ஒரு தோட்டப் பள்ளி ஆசிரியை, அவ்வளவுதான். நூலகத் துறை படித்தவள் அல்ல. ஆகவே எல்லோரும் அறிந்த விஷயங்களைக் கொண்டே பேசுகிறேன்.

புத்தகம் காலில் பட்டுவிட்டால் நாம் என்ன செய்கிறோம்? சட்டென்று குனிந்து தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறோம். சரஸ்வதி பூஜையன்று பொட்டு வைத்துப் படையலுக்கு முன்னால் அடுக்குகிறோம். ஆனால் ஆண்டு முடிந்து 'பேப்பர் லாமா' லாரி ஒலிபெருக்கி போட்டுக்கொண்டு வந்தால், அதே புத்தகத்தைக் கட்டித் தராசில் வைத்துவிடுகிறோம். கேட்டால், "வெச்சி என்னா செய்ய டீச்சர், கரையான்தான் தின்னுது" என்கிறார்கள். அதிலும் நியாயம் இருக்கிறது. வீடோ சின்னது, மழையோ ஓயாது. சாமான் வைக்கவே இடமில்லாத வீட்டில் புத்தகத்துக்கு எங்கே போவது? எல்லாப் புத்தகத்தையும் காப்பாற்றுங்கள் என்று நான் சொல்ல வரவில்லை. எழுதி நிரப்பிய பயிற்சி நூல், பாடத்திட்டம் மாறிப்போன வழிகாட்டி, ஈரத்தில் ஒட்டிக்கொண்ட வார இதழ் இவையெல்லாம் போகட்டும். அதில் பாவம் ஒன்றும் இல்லை.

ஆனால் பக்தி மட்டும் புத்தகத்தைக் காப்பாற்றாது. தமிழ்த் தாத்தா உ.வே. சாமிநாத ஐயரை உங்களுக்குத் தெரியும். 1887 இல் சீவக சிந்தாமணியையும் 1894 இல் புறநானூற்றையும் அச்சில் கொண்டு வந்தவர். ஊர் ஊராக ஏடு தேடிப் போனவர், கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலுக்கும் போனார். அங்கே இருந்த பழைய ஏடுகள் எங்கே என்று கேட்டார். நெய்யில் தோய்த்து ஓமத் தீயில் இட்டுவிட்டோம் என்று பதில் வந்தது. அதை அவரே எழுதி வைத்திருக்கிறார். யாழ்ப்பாண நூலகத்தை 1981 இல் எரித்தார்களே, ஏறக்குறைய 97,000 நூல்கள் சாம்பலாயினவே, அது பகையால் செய்தது. கோயிலில் நடந்ததோ மரியாதையோடு செய்தது! உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று ஒருவரும் பிரித்துப் பார்க்கவில்லை. எனக்கு இரண்டாவதுதான் அதிக பயத்தைத் தருகிறது. ஏனென்றால் நம் வீடுகளில் நடக்கக்கூடியது அதுதான்.

நம் பெற்றோரில் பலர் பொழுது விடியுமுன் மோட்டார் சைக்கிளில் பாலம் கடந்து வேலைக்குப் போகும் சிங்கப்பூரைப் பார்ப்போம். 2014 ஜூலையில் அங்கே மூன்று சிறுவர் நூல்களைப் பற்றிப் பெரிய சர்ச்சை எழுந்தது. அவற்றில் ஒன்று, இரண்டு ஆண் பென்குவின்கள் சேர்ந்து ஒரு குஞ்சை வளர்த்த கதை. குடும்பம் பற்றிய தங்கள் எண்ணத்துக்கு ஒவ்வாது என்று சிலர் புகார் செய்ய, தேசிய நூலக வாரியம் அந்நூல்களை எடுத்துவிட்டது. எடுத்ததை விட, கூழாக்கிவிடப் போகிறார்கள் என்ற செய்திதான் பலரைக் கொதிக்க வைத்தது. நூற்றுக்கணக்கானவர்கள் பிள்ளைகளோடு நூலகக் கட்டடத்துக்கு வந்து உட்கார்ந்து அந்தப் புத்தகங்களைப் படித்தார்கள். முடிவில் இரண்டு நூல்களைப் பெரியவர்கள் பகுதிக்கு மாற்றும்படி அமைச்சர் பணித்தார். மூன்றாவது நூல் அதற்குள் கூழாகிவிட்டது. அந்தக் கதை பிள்ளைகளுக்கு ஏற்றதா இல்லையா என்பதில் இந்த மண்டபத்திலேயே இரண்டு கருத்து இருக்கலாம், இருக்கட்டும். அலமாரி மாற்றி வைத்ததை நாளைக்குத் திரும்ப எடுக்கலாம், கூழாக்கியதை எடுக்க முடியாது அல்லவா?

இன்னொன்று, 2025 மே மாதத்தில் நடந்தது. மூடப்படவிருந்த யேல்-என்யுஎஸ் கல்லூரியின் நூலகப் புத்தகங்கள் மூட்டை மூட்டையாக லாரியில் ஏறுவதை மாணவர்கள் பார்த்துவிட்டார்கள். மறுசுழற்சிக்காம். "எங்களிடம் கொடுத்தால் எடுத்துக்கொள்வோமே" என்று மாணவர்கள் கேட்டார்கள். ஊர் முழுக்கப் பேச்சான பிறகு பல்கலைக்கழகம் வருத்தம் தெரிவித்தது. முன்கூட்டியே மாணவர்களுக்குக் கொடுத்திருக்கலாம் என்பதையும் ஒப்புக்கொண்டது. ஒரு வார்த்தை முன்னால் கேட்டிருந்தால் போதும்.

அதே சிங்கப்பூரில் கேட்டுக் கொடுக்கும் வழக்கமும் இருக்கிறது. பேர்பிரைஸ் கடைகள் 1983 முதல் பழைய பாடநூல்களைச் சேகரித்து, வேண்டிய பிள்ளைகளுக்கு இலவசமாகக் கொடுத்து வருகின்றன. பிராஸ் பாசா கட்டடத்தில் பழைய புத்தகக் கடைகள் உண்டு. அங்கே 'காராங்குனி' என்று அழைக்கப்படும் பழைய சாமான்காரர் கையிலிருந்து நல்ல புத்தகம் தப்பித்து வந்த கதைகளும் உண்டு.

இனி நம் தமிழ்ப் புத்தகங்களுக்கு வருகிறேன். ஆங்கிலப் புத்தகம் ஒன்று கூழானால் உலகத்தில் வேறு எங்காவது ஆயிரம் பிரதி இருக்கும். நம்முடைய கதை அப்படி அல்ல. சிங்கப்பூரில் அச்சான தமிழ் நூல்களில் நமக்குக் கிடைத்திருப்பவற்றுள் மிகப் பழையது 1872 இல் வந்த 'முனாஜாத்துத் திரட்டு'. அதன் பிரதி எங்கே பாதுகாக்கப்பட்டது தெரியுமா? லண்டனில், பிரிட்டிஷ் நூலகத்தில். 1875 இல் 'சிங்கை வர்த்தமானி' என்ற பத்திரிகை வந்தது. பெயர் இருக்கிறது, ஆண்டு இருக்கிறது, பத்திரிகை இல்லை. வாங்கிப் படித்தவர்கள் அன்றைக்கு அதைப் பொட்டலம் மடித்திருப்பார்கள். அதில் தவறு என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? பின்னாளில் ஆர்வலர்கள் ஒன்றுகூடி, 1965 முதல் ஐம்பது ஆண்டுகளில் வெளிவந்த சிங்கப்பூர்த் தமிழ் இலக்கிய நூல்களைத் தேடிச் சேர்த்து 2015 இல் மின்வடிவில் ஆக்கினார்கள். ஐம்பது ஆண்டு நூல்களுக்கே அத்தனை தேடல்! சிங்கப்பூரில் பதிப்பிக்கும் ஒவ்வொரு நூலிலும் இரண்டு பிரதி தேசிய நூலகத்துக்குத் தர வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. அதனால் பெரிய நூல்கள் இனி பிழைத்துக்கொள்ளும்.

பிழைக்காதவை சின்ன ஏடுகள்தாம். கோயில் திருவிழா மலர், சங்க ஆண்டறிக்கை, பள்ளிப் பரிசளிப்பு மலர். சிங்கப்பூரிலும் ஒரு காலத்தில் ரப்பர்த் தோட்டங்களிலும் கடற்படைத் தளத்திலும் தமிழ்ப் பள்ளிகள் இருந்தன. கடைசியாக இருந்த உமறுப்புலவர் தமிழ் உயர்நிலைப் பள்ளி 1982 இல் மூடப்பட்டது. அந்தப் பிள்ளைகள் என்ன நாடகம் போட்டார்கள், யார் தலைமையாசிரியர், எத்தனை பேர் தேர்ச்சி பெற்றார்கள் என்று தேடுகிறவருக்கு, யாரோ ஒரு பாட்டியின் பெட்டியில் கிடந்த மலர்தான் சாட்சி. அந்தப் பெட்டியைத் தராசில் ஏற்றிவிட்டால் அப்புறம் எங்கே போய்க் கேட்பது?

நம் தோட்டத்துக்கும் இது பொருந்தும். நம் பள்ளி அலமாரியில் எல்லா ஆண்டு மலர்களும் இல்லை. நடுநடுவே விட்டுப் போயிருக்கிறது. ஆகையால் தலைமையாசிரியரின் அனுமதியோடு ஓர் ஏற்பாடு செய்திருக்கிறோம். பள்ளி அலுவலக வாசலில் ஒரு பெரிய பெட்டி வைத்திருக்கிறோம். லாரிக்குப் போடுமுன் புத்தகக் கட்டை அங்கே கொண்டு வந்து கொடுங்கள். ஆறாம் ஆண்டு மாணவர்களும் நானும் பிரித்துப் பார்ப்போம். படிக்கத் தகுந்தது கீழ் வகுப்புக்குப் போகும், பழைய மலர் அலமாரிக்குப் போகும், மிச்சத்தை நாங்களே பேப்பர் லாமாவுக்குப் போட்டு, வரும் காசில் புத்தகங்களுக்கு உறை வாங்குவோம். பழைய மலரைக் கொடுக்க மனமில்லாதவர்கள் காட்டினால் போதும்; படம் எடுத்துக்கொண்டு அன்றைக்கே திருப்பிக் கொடுத்துவிடுவோம். முக்கியமாக, படத்தில் இருப்பவர்களின் பெயர் தெரிந்த பெரியவர்கள் வந்து சொல்லுங்கள். பெட்டி திங்கட்கிழமையிலிருந்து இருக்கும்.