குப்பையில் மின்சாரம்: நாம் கேட்க வேண்டிய கேள்விகள்

(அறக்கட்டளையின் மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

ஊர்க் குப்பையை எரித்து மின்சாரம் எடுக்கிறார்கள் என்றால் நமக்கு மகிழ்ச்சிதான். குப்பைமேடு குறையும், கரண்டும் கிடைக்கும். ஆனால் அந்த ஆலை யார் வீட்டுப் பக்கத்தில் வருகிறது, என்னென்ன அனுமதி வாங்கியிருக்கிறது என்பதையும் நாம் கேட்க வேண்டும்.

டெல்லி ஓக்லாவைப் பாருங்கள். சுக்தேவ் விஹார், ஹாஜி காலனி போன்ற குடியிருப்புகளுக்கு அருகில் 2012-ல் இப்படியோர் ஆலை ஓடத் தொடங்கியது. சுக்தேவ் விஹார் மக்கள் 2009-லேயே உயர்நீதிமன்றம் போனார்கள். வழக்கு பிறகு தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்துக்கு மாறியது. 2017-ல் தீர்ப்பு வந்தது. ஆலை 25 லட்சம் ரூபாய் இழப்பீடு கட்ட வேண்டும், ஆனால் தொடர்ந்து ஓடலாம் என்றார்கள். கட்டி முடித்த ஆலையை அகற்றுவது எவ்வளவு கடினம் என்பதற்கு இதுவே சாட்சி. கேட்க வேண்டியதை அனுமதி கொடுப்பதற்கு முன்பே கேட்டுவிட வேண்டும்.

சட்டம் நமக்கு வழி வைத்திருக்கிறது. ஆலையை ஓட்ட மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவு வேண்டும். பெரிய ஆலையென்றால் சுற்றுச்சூழல் அனுமதியும் வேண்டும். அதற்கான பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டத்தை 30 நாளுக்கு முன்பே நாளிதழில் அறிவிக்க வேண்டும். ஆய்வறிக்கையின் சுருக்கம் உள்ளூர் மொழியிலும் கிடைக்க வேண்டும். சிறிய ஆலைக்கு இந்தக் கூட்டம் இல்லாமலும் போகலாம். ஆகவே ஆலை எந்த வகையில் வருகிறது என்பதே நமது முதல் கேள்வி.

அடுத்த கேள்வி, எதை எரிக்கப் போகிறார்கள் என்பது. மறுசுழற்சிக்கு உதவாத, எரியும் திறனுள்ள குப்பைதான் எரிப்பதற்கு உரியது என்பது 2016-ம் ஆண்டு திடக்கழிவு விதிகளின் நோக்கமாக இருந்தது. நல்ல அட்டையும் பிளாஸ்டிக்கும் உலைக்குப் போனால், காயலான் கடையை நம்பிப் பிழைக்கும் நம் குடும்பங்களின் வயிற்றில் அடிக்கும். சோறும் காய்கறித் தோலும் போனால் ஈரத்தால் உலையின் சூடு குறையும். சூடு குறைந்தால் டையாக்சின் போன்ற நச்சுகள் உண்டாகும். அதன் அளவு ஒரு கனமீட்டர் புகையில் 0.1 நானோகிராமைத் தாண்டக்கூடாது என்றது அதே விதி. அதை யார் அளக்கிறார்கள், அந்தக் கணக்கு நம் கண்ணில் படுமா என்பது மூன்றாவது கேள்வி.

நம் பங்கும் இருக்கிறது. ஈரக்குப்பையை வீட்டிலேயே தனியாகப் பிரித்துக் கொடுப்போம். அது உரத்துக்கும் சாண எரிவாயுபோன்ற வாயுவுக்கும் உதவும், எரிக்கத் தேவையில்லை. பிரிக்காமல் கொட்டிவிட்டு, புகை வந்த பிறகு குறை சொல்வது முறையாகாது.

கருத்துக்கேட்பு அறிவிப்பு வந்தால் ஆண்களும் பெண்களும் சேர்ந்து போவோம். வாயால் சொல்வதோடு நிற்காமல் எழுத்திலும் கொடுத்து, நகலை வைத்துக்கொள்வோம். அனுமதி கொடுத்த பிறகும் 30 நாளுக்குள் பசுமைத் தீர்ப்பாயத்தில் மேல்முறையீடு செய்யலாம். அப்போது அந்த நகல் நமக்குக் கைகொடுக்கும்.