மலைச்செடிக்கும் நாற்றுமேடை

(செபராங் ஜெயாவில் தோட்டத் தொழிலாளர் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



செபராங் ஜெயாவில் நின்று மேற்கே நோக்கினால், நீரிணைக்கு அப்பால் பினாங்குக் கொடிமலை தெரிகிறது. தைப்பூசத்தன்று அதன் அடிவாரத்திலுள்ள தண்ணீர்மலைக்குச் சென்று வராத குடும்பம் நம்மிடையே குறைவு. அந்த மலை துன்பப்பட்டதையும் நாம் கண்டிருக்கிறோம். 2017ஆம் ஆண்டு நவம்பர் மாதத் தொடக்கத்தில் பெய்த பெருமழையில் கொடிமலையின் பல இடங்களில் மண் சரிந்தது, பாதை சிதைந்தது. இக்கரையிலும் செபராங் பிறையின் தாழ்வான பகுதிகளில் வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்தது.

மலை மண்ணைக் காப்பவை பெருமரங்கள் மட்டுமல்ல. அவற்றின் காலடியில் வளரும் புதர்ச்செடிகளும் மழைத்துளியின் வேகத்தைத் தாங்கி, மேல்மண்ணை வேர்களால் பிணைத்து வைக்கின்றன. பெருஞ்சரிவு முழுவதையும் புதர் தடுத்துவிடும் என்று நாம் கூறவில்லை. ஆயினும் வெறுமண் விரைவில் கரையும் என்பது, தோட்டத்தில் மூடுபயிர் வளர்த்துப் பழகிய உங்களுக்கு நாம் சொல்லித் தெரியவேண்டியதன்று. ஆகவே, வெறுமையான மலைச்சரிவில் அம்மலைக்கே உரிய செடிகளை மீண்டும் வளர்ப்பது அவசியமாகிறது. அதற்கு நல்ல வழி, விதையிலிருந்து நாற்று வளர்ப்பதே.

இத்தொழில் நமக்குப் புதிதன்று. நம் வாழ்வுக்கு ஆதாரமான பால்மரமே ஒரு கண்ணாடி வீட்டில் முளைத்து வந்ததுதான். 1876ஆம் ஆண்டில் ஹென்றி விக்ஹாம் என்பவர் பிரேசில் நாட்டிலிருந்து ஏறக்குறைய 70,000 விதைகளை இலண்டனுக்கு அருகிலுள்ள கியூ தோட்டத்திற்குக் கொண்டு சேர்த்தார். அங்குள்ள கண்ணாடி வீடுகளில் விதைக்கப்பட்டவற்றுள் சுமார் 2,700 மட்டுமே முளைத்தன. நூற்றுக்கு நான்குகூட இல்லை! 1877இல் 22 கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்தன. அவற்றுட் சில கோலகங்சாரில் நடப்பட்டன. அத்தனை விதைகள் வீணானதற்குக் காரணம் என்ன? ரப்பர் விதை சில வாரங்களிலேயே உயிர்ப்பை இழந்துவிடும் இயல்புடையது. நெடுங்கடற்பயணத்தை அது பொறுக்கவில்லை. விதைக்குக் காலம் உண்டு என்பதே அந்நிகழ்ச்சி தரும் பாடம்.

தமிழகத்து மலைகளிலும் இப்பாடம் பொருந்துகிறது. கொடைக்கானல் மலையில் இயற்கையாய் அமைந்த சோலைகளும் புல்வெளிகளும் இருந்த இடங்களில், அயல்நாட்டுச் சீகை மரமும் தைல மரமும் நடப்பட்டுப் பெருகிவிட்டன. 1980களில் இங்கிலாந்திலிருந்து வந்து அங்கு வாழ்ந்த பாப் ஸ்டூவர்ட், தான்யா பால்கர் ஆகிய இருவரும் வட்டக்கானலில் நாற்றுப்பண்ணை அமைத்து, சோலைக்குரிய மரங்களையும் செடிகளையும் விதையிலிருந்து வளர்த்தனர். அம்மலைகளுக்கே உரிய நீலக்குறிஞ்சியோ, 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை பூத்து, விதை ஈன்று, மடிந்துவிடுகிறது. 2006இல் பூத்தது, 2018இல் பூத்தது. அந்த விதையைத் தவற விட்டவர் 2030 வரை காத்திருக்க வேண்டும்.

இனி, செய்முறையைக் காண்போம். முதலாவது, எந்த மலையில் நடப்போகிறோமோ அந்த மலையின் விதையையே எடுக்க வேண்டும். ஒரே செடியில் எடுக்காமல், பல செடிகளிலிருந்து சிறிது சிறிதாக எடுப்பது நன்று. இரண்டாவது, சதைக்கனியானால் சதையைக் கழுவி நீக்கி, நிழலில் ஈரம் உலர்த்தி, தாமதமின்றி விதைக்க வேண்டும். மூன்றாவது, தூசி போன்ற நுண்விதைகளைப் புதைத்தலாகாது. வாயைக் கறுக்கச் செய்யும் கனியுடைய செண்டுடுக் செடியை நீங்கள் அறிவீர்கள். அதன் விதை அத்தகையது. ஈரமான மணலும் மக்கிய இலைமண்ணும் கலந்த தட்டின் மேல் தூவிவிட்டு, தட்டின் அடியிலிருந்து நீர் ஊறும்படி செய்தால் விதை அடித்துச் செல்லப்படாது.

குளிர்ந்த மலையில் கண்ணாடி வீடு கடுமழையையும் குளிரையும் தடுத்து நாற்றைக் காக்கும். நம் சமவெளியிலோ அது அடுப்பாய்க் காய்ந்துவிடும். இங்கே நிழல்வலையும் நல்ல காற்றோட்டமும் உள்ள குடிலே போதுமானது. நான்கைந்து இலை விட்டதும் நாற்றைப் பைக்கு மாற்றி, வெயிலுக்குச் சிறிது சிறிதாகப் பழக்கி, மழைக்காலத் தொடக்கத்தில் நட வேண்டும்.

மணல்மேடையில் ரப்பர் விதையைப் பரப்பி, முளை கண்டதும் பைக்கு மாற்றிய கைகள் நம் தாய்மார்களின் கைகள். தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறிவரும்போது அந்தக் கைத்திறனும் மறைந்துபோக விடலாமா? பிள்ளைகளுக்கு அதைக் கற்றுக்கொடுங்கள். பள்ளியில் ஒரு சிறு நாற்றுமேடை அமைக்கத் துணை நில்லுங்கள்.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. கொடிமலை 2021இல் யுனெஸ்கோவின் உயிர்க்கோளக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. அங்கே செடியைப் பிடுங்குவதோ, அனுமதியின்றி விதை எடுப்பதோ கூடாது. வனத்துறையை அணுகி, முறைப்படி அனுமதி பெற்றே செயற்பட வேண்டும்.

அயல்நாட்டு மரமொன்றை இந்நாட்டின் செல்வமாக்கியது நம் முன்னோரின் உழைப்பு. இந்நாட்டு மலையின் சொந்தச் செடியை அதன் மண்ணிலேயே மீண்டும் வாழவைக்கும் பணியிலும் நமக்குப் பங்குண்டு என்று கூறி விடைபெறுகிறோம்.