பி.டி. பீரியடில் பிறந்த பதக்கங்கள்



2024ஆம் ஆண்டின் விளையாட்டு உலகைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். அது சாதாரண ஆண்டா? பாரிஸ் ஒலிம்பிக், டி20 உலகக் கோப்பை, யூரோ கோப்பை, கோபா அமெரிக்கா, செஸ் ஒலிம்பியாட், உலக செஸ் சாம்பியன்ஷிப் என்று எல்லாம் ஒரே ஆண்டில் வந்து குவிந்தன. ஐரோப்பாவில் ஸ்பெயின் வென்றது, தென் அமெரிக்காவில் அர்ஜென்டினா வென்றது, ஆப்பிரிக்காவில் ஐவரி கோஸ்ட் சொந்த மண்ணிலேயே வென்றது. முடிவுகளை மட்டும் வாசித்தாலே பொழுது விடிந்துவிடும். அவை உங்கள் கைபேசியிலேயே இருக்கின்றன. அதற்கு நான் வேண்டாம். வென்றவர்கள் எங்கிருந்து வந்தார்கள் என்பதை மட்டும் சொல்ல அனுமதியுங்கள்.

நம்ம திருவனந்தபுரத்துப் பிள்ளையிடமிருந்தே தொடங்குகிறேன். ஜூன் 29, பார்படாஸ். தென்னாப்பிரிக்காவுக்கு 30 பந்தில் 30 ரன் போதும் என்ற நிலையிலிருந்து மீண்டு, இந்தியா 7 ரன்னில் உலகக் கோப்பையை வென்றது. கடைசி ஓவரின் முதல் பந்தில் டேவிட் மில்லர் தூக்கி அடித்ததை எல்லைக் கோட்டோரம் பிடித்து, கோட்டைத் தாண்டும் முன் பந்தை மேலே எறிந்து, உள்ளே திரும்பி வந்து மறுபடி பிடித்தாரே சூர்யகுமார் யாதவ், அதை இந்த அரங்கில் பார்க்காதவர் யாரும் இருக்க மாட்டீர்கள். அந்த அணியில் விழிஞ்ஞத்தை அடுத்த புல்லுவிளையில் பிறந்த சஞ்சு சாம்சனும் இருந்தார். தொடர் முழுவதும் ஒரு ஆட்டத்தில்கூட அவர் இறக்கப்படவில்லை. பெஞ்சில் உட்கார்ந்தபடியே உலக சாம்பியன் ஆனார்.

அப்புறம் என்ன நடந்தது? அக்டோபரில் ஐதராபாத்தில் வங்கதேசத்துக்கு எதிராக 47 பந்தில் 111. நவம்பரில் டர்பனில் 107. அடுத்த இரண்டு ஆட்டங்களிலும் முட்டை. விமர்சனம் செய்ய வாய் திறந்தவர்கள் வாயை மூடுவதற்குள் ஜோகனஸ்பர்க்கில் ஆட்டமிழக்காமல் 109. ஒரே ஆண்டில் மூன்று சர்வதேச டி20 சதங்கள். அதுவரை எவரும் செய்யாதது. அந்த மட்டை பழகியது எங்கே தெரியுமா? இங்கே நம் மெடிக்கல் காலேஜ் மைதானத்தில், பயிற்சியாளர் பிஜு ஜார்ஜின் கண் பார்வையில்.

இதே நகரத்தில் பிறந்த ஆஷா சோபனாவையும் சொல்ல வேண்டும். லெக் ஸ்பின்னர். மார்ச்சில் பெண்கள் பிரீமியர் லீக்கை வென்ற பெங்களூரு அணியில் இருந்தார். ஒரே ஆட்டத்தில் ஐந்து விக்கெட் எடுத்து, அந்த லீக்கில் அப்படிச் செய்த முதல் இந்தியப் பெண் ஆனார். மே மாதம் இந்தியாவுக்காக முதல் டி20 ஆடியபோது அவருக்கு வயது 33. அக்டோபரில் உலகக் கோப்பையிலும் பந்து வீசினார். முப்பது தாண்டினால் முடிந்தது கதை என்று பெண் பிள்ளைகளிடம் சொல்பவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

இனி பாரிஸ். இந்தியாவுக்கு ஒரு வெள்ளி, ஐந்து வெண்கலம், ஆக ஆறு பதக்கம். நான்காம் இடமும் ஆறு! மீராபாய் சானு ஒரு கிலோவில் வெண்கலத்தைத் தவறவிட்டார். துப்பாக்கி சுடும் மகேஸ்வரி சௌகானும் அனந்த்ஜீத் சிங் நருகாவும் 44க்கு 43 என்று ஒரே ஒரு இலக்கில் தவறவிட்டார்கள். வினேஷ் போகத் இறுதிப் போட்டிக்குப் போயும் 100 கிராம் எடை கூடியதற்காகத் தகுதி இழந்தார். ஈட்டி எறிதலில் நீரஜ் சோப்ரா 89.45 மீட்டர் எறிந்தும், பாகிஸ்தானின் அர்ஷத் நதீம் 92.97 எறிந்து ஒலிம்பிக் சாதனையோடு தங்கத்தைக் கொண்டுபோனார். திறமை இல்லாமல் தோற்கவில்லை, அன்பர்களே. பலமுறை மயிரிழையில் நழுவியது. அந்த மயிரிழையை இன்னும் கொஞ்சம் நல்ல பயிற்சியும், இன்னும் சீக்கிரம் தொடங்கிய பயிற்சியும் அடைத்திருக்குமா என்பதே கேள்வி.

நழுவவிடாத ஒருவர் இருந்தார். ஹாக்கிக் காலிறுதியில் பிரிட்டனுக்கு எதிரே 17ஆவது நிமிடத்தில் அமித் ரோஹிதாஸுக்குச் சிவப்பு அட்டை. மீதி ஆட்டம் முழுக்கப் பத்துப் பேர். பந்து நம் பக்கமே சுற்றிச் சுற்றி வருகிறது. கம்பங்களுக்கு நடுவே பி.ஆர். ஸ்ரீஜேஷ் நிற்கிறார். ஆட்டம் 1-1. ஷூட்-அவுட்டில் 4-2 என்று இந்தியா வென்றது. பிறகு ஸ்பெயினை 2-1 என வீழ்த்தி வெண்கலம். அத்தோடு ஸ்ரீஜேஷ் ஓய்வு பெற்றார். ஹாக்கி இந்தியா அவருடைய 16ஆம் எண் சட்டைக்கும் ஓய்வு கொடுத்தது.

எர்ணாகுளம் மாவட்டத்துக் கிழக்கம்பலத்தில் விவசாயி வீட்டுப் பிள்ளை அவர். 12 வயதில் நம் திருவனந்தபுரத்து ஜி.வி. ராஜா விளையாட்டுப் பள்ளிக்கு வந்தார். வரும்போது ஹாக்கி ஆட்டக்காரர் அல்ல. ஓடிப் பார்த்தவர், நீளம் தாண்டிப் பார்த்தவர், வாலிபால் ஆடிப் பார்த்தவர். நீ கோல் கீப்பராக நில் என்று சொன்னவர் இங்கே இருந்த பயிற்சியாளர். கோல் கீப்பருக்கு வேண்டிய கால்காப்பு முதலான சாமான்கள் வாங்க அப்பா பசுவை விற்றார். ஒரு பசு, ஒரு பள்ளிக்கூடம், பையனைக் கூர்ந்து பார்த்த ஒரு வாத்தியார். இரண்டு ஒலிம்பிக் வெண்கலங்களுக்கு இந்த நாடு போட்ட முதலீடு அவ்வளவுதான்! 1972இல் மியூனிக்கில் வெண்கலம் வென்ற கண்ணூர்க்காரர் மானுவல் ஃபிரடெரிக்கும் கோல் கீப்பரே. அவருக்குப் பிறகு கேரளத்துக்கு ஒலிம்பிக் பதக்கம் வர, டோக்கியோவில் ஸ்ரீஜேஷ் நிற்கும்வரை 49 ஆண்டுகள் காத்திருந்தோம்.

தமிழ்நாட்டுக்கு வாருங்கள். டிசம்பர் 12, சிங்கப்பூர். உலக செஸ் சாம்பியன்ஷிப்பின் பதினான்காவது ஆட்டம். டிராவை நோக்கிப் போய்க்கொண்டிருந்த நேரத்தில் குகேஷை எதிர்த்து ஆடிய டிங் லிரென் யானையைத் தவறான கட்டத்தில் வைத்தார். குகேஷ் முகத்தில் ஒரு நொடி திகைப்பு. தண்ணீர் குடித்தார், கணக்குப் பார்த்தார், ஆட்டத்தை முடித்தார். 18 வயதில் உலக சாம்பியன். கண்ணீர் வழிய, பலகையில் காய்களை ஒவ்வொன்றாக எடுத்துத் தொடக்க இடத்தில் அடுக்கி வைத்தார் அந்தப் பிள்ளை. செப்டம்பரில் புடாபெஸ்ட் ஒலிம்பியாடில் இந்தியாவின் ஆண்கள் அணியும் பெண்கள் அணியும் தங்கம் வென்றபோது, குகேஷும் பிரக்ஞானந்தாவும் வைஷாலியும் அங்கே இருந்தார்கள். மூவரும் சென்னையில் வேலம்மாள் பள்ளியில் படித்தவர்கள். போட்டிக்குப் போனால் வருகைப் பதிவைக் காட்டி மிரட்டாத பள்ளி ஒன்று இருந்ததால் இது நடந்தது. பாரிஸ் பாராலிம்பிக்கின் 29 இந்தியப் பதக்கங்களில் துளசிமதி முருகேசன், மனிஷா ராமதாஸ், நித்யஸ்ரீ சிவன், மாரியப்பன் தங்கவேலு என்று நான்கு தமிழர்களின் பங்கும் உண்டு. மாரியப்பனுக்கு அது தொடர்ந்து மூன்றாவது பாராலிம்பிக் பதக்கம்.

கடலுக்கு அப்பால் ஒரு சின்னத் தீவு, செயின்ட் லூசியா. நம் மாநகராட்சியில் நாலில் ஒரு பங்கு மக்கள்கூட அங்கே கிடையாது. அங்கிருந்து வந்த ஜூலியன் ஆல்ஃபிரட் 10.72 விநாடியில் ஓடி, உலகின் மிக வேகமான பெண் ஆனார். அந்த நாட்டுக்கு முதல் ஒலிம்பிக் பதக்கமே தங்கம். பள்ளிச் சீருடையில் வெறுங்காலோடு ஓடிய நாள்களை நினைவுகூர்ந்த அவர், தன் ஊருக்கு ஒரு புதிய விளையாட்டரங்கம் வர வேண்டும் என்றுதான் ஆசைப்பட்டார். வென்றவர் வாயிலிருந்து வந்த முதல் ஆசை ஒரு மைதானம்!

நமக்குக் கசந்த முடிவுகளும் உண்டு. இந்திய ஆண்கள் கால்பந்து அணி அந்த ஆண்டு ஒரு வெற்றிகூடப் பெறவில்லை. சுனில் சேத்ரி அப்போது விடைபெற்ற குவைத் ஆட்டமும் கோலின்றி முடிந்தது. ஆண்டின் கடைசி நாளில் ஐதராபாத்தில் சந்தோஷ் டிராபி இறுதிப் போட்டி. கூடுதல் நிமிடங்களில் மேற்கு வங்கம் ஒரு கோல் போட, கேரளம் தோற்றது.

ஆனால் நம் நகரம் நெஞ்சு நிமிர்த்த ஒரு முடிவு நவம்பரில் கொச்சியில் வந்தது. ஒலிம்பிக் பாணியில் நடத்திய கேரளப் பள்ளி விளையாட்டுப் போட்டியில் ஒட்டுமொத்த சாம்பியன் திருவனந்தபுரம் மாவட்டம். மாற்றுத்திறன் பிள்ளைகளும் அதே மேளாவில் களம் இறங்கினார்கள். பார்படாஸுக்கும் சிங்கப்பூருக்கும் கைதட்டிய நாம், அந்தப் பிள்ளைகளுக்கு எத்தனை பேர் கைதட்டினோம்?

இதைத்தான் சொல்ல வந்தேன். வாரத்தில் ஒன்றிரண்டு பி.டி. பீரியட். அதையும் பரீட்சை நெருங்கினால் கணக்கு வாத்தியார் கடன் வாங்கிக்கொள்கிறார். அந்தக் கடன் என்றைக்காவது திரும்பி வந்ததுண்டா? அந்த முக்கால் மணி நேரத்தில்தான் ஒரு வாத்தியார் ஒரு பிள்ளையை உற்றுப் பார்த்து, நீ ஓடு, நீ தாண்டு, நீ கம்பத்துக்கு நடுவே நில் என்று சொல்ல முடியும். தலைமையாசிரியர்களே, அந்த பீரியடை யாருக்கும் கடன் கொடுக்காதீர்கள். பெற்றோர்களே, பள்ளியில் சேர்க்கப் போகும்போது தேர்ச்சி விகிதம் கேட்பதோடு, மைதானம் எங்கே என்றும் கேளுங்கள். மாணவச் செல்வங்களே, நாளை மாலை டியூஷனுக்குப் போகும் முன் ஒரு மணி நேரம் விளையாடிவிட்டுப் போங்கள். அப்பா கேட்டால், மேடையில் பேசியவர் சொன்னார் என்று என் பெயரைச் சொல்லுங்கள்.