நம் ஊரை நடந்து பாருங்கள்

 

பூமியில் பயணம் செய்து முன்னோரின் நிலையைக் கவனிக்குமாறு அல்லாஹ் தன் திருமறையில் பல இடங்களில் ஏவுகிறான். நாமோ விடுமுறை வந்தால் பிள்ளைகளை ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் அழைத்துச் செல்கிறோம். திருச்சியில் வளரும் நம் பிள்ளைகளுக்குத் திருச்சி தெரியாது. "உங்கள் முன்னோர் எங்கிருந்து வந்தவர்கள்?" என்று பள்ளிக்கூடத்தில் எவரேனும் கேட்டுவிட்டால் விழிக்கிறார்கள்.

அதற்கான விடை, நடந்து செல்லும் தூரத்தில்தான் இருக்கிறது. உறையூரிலிருந்து தொடங்குங்கள். சோழர்களின் பழைய தலைநகர் அது. முதல் நூற்றாண்டில் கிரேக்க மாலுமி ஒருவர் எழுதிய செங்கடல் வழிநூல், இவ்வூரின் மெல்லிய பருத்தித் துணியைக் குறிப்பிடுகிறது. அகழாய்வில் சாயத்தொட்டி எனக் கருதப்படும் செங்கல் தொட்டி ஒன்றும் இங்கே கிடைத்தது. அதே நூல் கிழக்கு ஆப்பிரிக்கத் துறைமுகங்களையும் வருணிக்கிறது. அங்கே சென்ற அரபு மாலுமிகள் அம்மக்களின் மொழியைக் கற்று, அவர்களிடமே பெண் கொண்டு உறவாடினர் என்கிறது. இஸ்லாத்தின் ஒளி பரவுவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே அரபுகள் கடலோரங்களில் அந்நியராக இருக்கவில்லை என்பதை இதனால் அறிகிறோம்.

அங்கிருந்து கோட்டை ரயில் நிலையத்தை நோக்கி வாருங்கள். அருகிலேயே சிறியதொரு கல் பள்ளிவாசல். தூண்களும் கூரையும் இவ்வூர் மண்டபங்களைப் போன்றே கல்லால் ஆனவை. அதன் அரபுக் கல்வெட்டில் ஹிஜ்ரி 116, அதாவது கி.பி. 734 எனும் ஆண்டைப் படித்திருக்கிறார்கள். பிள்ளைகளை உள்ளே நிறுத்தி, எத்தனை ஸஃப் நிற்கலாம் என்று எண்ணச் சொல்லுங்கள். விரல்விட்டு எண்ணிவிடலாம்! அத்தனைச் சிறிய ஜமாஅத், படையோ பட்டாளமோ இல்லாமல், சுற்றிலும் வேற்றுச் சமயத்தார் வாழும் ஊரில், உள்ளூர்க் கட்டட முறையிலேயே இறையில்லம் எழுப்பித் தொழுதிருக்கிறது. அண்டை வீட்டாரின் நம்பிக்கை இல்லாமல் இது நடந்திருக்குமா? அளவையிலும் நிறுவையிலும் மோசம் செய்வோரை இந்த ஊர் ஒரு பருவமேனும் தங்க விட்டிருக்குமா?

இதைக் கொஞ்சம் நிதானமாக எண்ணிப் பாருங்கள். கல்வெட்டைக் காட்டி "நாங்கள் ஆயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக இங்கே இருக்கிறோம்" என்று பெருமை பேசுவது எளிது. அதே வாயால் வாடிக்கையாளரிடம் பொய்ச் சத்தியம் செய்தால் அந்தக் கல் நமக்காகச் சாட்சி சொல்லாது. நேர்மையான வணிகர் மறுமையில் நபிமார்களுடன் இருப்பார் எனும் கருத்தில் திர்மிதியில் நபிமொழி உண்டு. அளவில் குறைப்போருக்கு வந்த எச்சரிக்கையோ திருமறையில் ஒரு தனி அத்தியாயமாகவே நிற்கிறது.

பிறகு மெயின்கார்டு கேட் வழியாகப் பெரிய கடை வீதியைக் கடந்து நத்ஹர் வலி (ரஹ்) அவர்களின் தர்கா வரை செல்லுங்கள். ஆற்காடு நவாப் வாலாஜா முஹம்மத் அலி அங்கேதான் அடக்கமாகியுள்ளார். 1795இல் சென்னையில் மறைந்தவரை இங்கே கொண்டு வந்திருக்கிறார்கள் என்றால், இவ்வூரின் மதிப்பைப் பாருங்கள்.

மாலையில் காவிரியைக் கடந்து ஸ்ரீரங்கம் வீதிகளிலும் நடக்கலாம். அங்குள்ள கோயிலில் துலுக்க நாச்சியார் எனும் பெயரில் ஒரு சன்னிதி இருப்பதைப் பிள்ளைகள் கேள்விப்பட்டிருக்கக்கூடும். நமது அகீதா வேறு. அதில் மயக்கம் வேண்டாம். ஆனால் அண்டை வீட்டார் தம் நினைவில் நமக்கும் ஓர் இடம் வைத்திருக்கிறார்கள் என்பதை ஏளனமின்றிச் சொல்லிக் கொடுங்கள்.

வரும் ஞாயிறு ஃபஜ்ரு தொழுததும் புறப்படுங்கள். வெயில் ஏறுமுன் கோட்டைக்கு வந்துவிடலாம். லுஹாவுடைய இரண்டு ரக்அத்தை அந்தச் சிறிய பள்ளிவாசலிலேயே தொழுதுகொள்ளுங்கள்.